பில்பாவோவில் கார்டு வேலை செய்யவில்லை, சான் செபாஸ்தியானுக்கு ரயிலும் இல்லையாம், அவசர உதவி

செந்தில்_பயணி:
நண்பர்களே, அவசரம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பில்பாவோவில் இருக்கிறோம். நேற்று வாங்கிய கார்டு மெட்ரோவில் ஒரு நேரம் வேலை செய்கிறது, ஒரு நேரம் செய்வதில்லை, உள்ளே விட்ட கதவு வெளியே விட மறுக்கிறது. அது போக, நாளை காலை சான் செபாஸ்தியான் போக ஸ்டேஷனில் கேட்டால் நேரடி ரயில் கிடையாது என்கிறார்கள், ஆனால் கூகுள் ரயில் காட்டுகிறது. டாக்சி எல்லாம் நமக்குக் கட்டாது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனா_கோவை:
என்ன கார்டு? பில்பாவோ இருக்கும் பிஸ்காயாவுக்கு பாரிக், சான் செபாஸ்தியான் இருக்கும் கிபுஸ்கோவாவுக்கு முகி, விட்டோரியா இருக்கும் ஆலவாவுக்கு பாட் என்று மாகாணத்துக்கு ஒரு பயணக் கார்டு இருக்கிறது. எத்தனை பேர் போகிறீர்கள்? எந்த ஸ்டேஷனில் கேட்டீர்கள்? அங்கே ஸ்டேஷன் ஒன்று மட்டும் இல்லை.

தேனி_ராஜா:
கார்டை போனோடு சேர்த்து வைத்திருப்பீர்கள், அதனால்தான். எனக்கு ஹோட்டல் சாவி அப்படித்தான் கெட்டது. தனியாக வைத்துப் பாருங்கள்.

மூத்த_வழிப்போக்கன்:
தம்பி, ஊருக்குக் கிளம்பும் முன் வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கார்டு பெயர், ஸ்டேஷன் பெயர், ஆள் கணக்கு எதுவும் எழுதாமல் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இதையெல்லாம் இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது.

மீனா_கோவை:
ஐயா, அவர் தெருவில் நின்றுகொண்டு எழுதுகிறார், விடுங்கள். செந்தில், நீங்கள் கேட்ட இடத்தில் பெரிய வண்ணக் கண்ணாடி ஓவியம் இருந்ததா? இருந்தால் அது அபாண்டோ. அங்கிருந்து சான் செபாஸ்தியானுக்கு நேரடி ரயில் கிடையாது, அவர்கள் சொன்னது சரிதான். உங்களுக்கு வேண்டியது எவுஸ்கோட்ரென், பாஸ்க் அரசு நடத்தும் ரயில். காஸ்கோ வியேஹோ, அதாவது சஸ்பிகாலேயாக் ஸ்டேஷனில் ஏறலாம், மெட்ரோவும் அங்கே வரும். இன்னொன்று, பலகையில் சான் செபாஸ்தியான் என்று தேடாதீர்கள், பாஸ்க் மொழியில் டொனோஸ்தியா என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர். விட்டோரியாவும் அப்படித்தான், காஸ்தெய்ஸ் என்று போட்டிருப்பார்கள்.

தண்டவாளம்:
ரயிலிலேயே போங்கள். மீட்டர் கேஜ் பாதை, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் துராங்கோ, எய்பார் தாண்டி தேபாவில் கடல் பக்கத்தில் வரும்போது நேரம் போனதே தெரியாது. சுமாயாவில் இறங்கி ஏடு ஏடாக அடுக்கிய அந்தக் கடலோரப் பாறைகளைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். பஸ்ஸில் போனால் நெடுஞ்சாலைதான் மிச்சம்.

பட்ஜெட்_பாரி:
பஸ் ஒன்றேகால் மணி நேரம்தான். சான் மமேஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இண்டர்மோடால் பஸ் நிலையத்தில் ஏறலாம். ஒரு நாளில் போய்த் திரும்புகிறவருக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் அப்புறம் ஊரை எப்போது பார்ப்பது?

செந்தில்_பயணி:
பாரிக் கார்டுதான். ஒன்றே ஒன்று வாங்கினோம். நான், மனைவி, அம்மா மூன்று பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக நேரம் உட்கார முடியாது. ஆமாம், கண்ணாடி ஓவியம் இருந்தது.

மீனா_கோவை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரே பாரிக்கைப் பலர் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே போகும்போது மூன்று முறை தொட்டால் வெளியே வரும்போதும் மூன்று முறை தொட வேண்டும். நீங்கள் ஒரு முறை தொட்டுவிட்டு மூவரும் வர முயன்றிருப்பீர்கள். ஒவ்வொருவராகத் தொட்டு, கடந்து, கார்டைப் பின்னால் வருபவரிடம் கொடுங்கள். அம்மாவுக்காக பஸ்ஸே நல்லது.

தேனி_ராஜா:
இருந்தாலும் போன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

எழில்மொழி:
பலகை படிக்க ஒரு உதவி. டொனோஸ்தியாரா என்றால் டொனோஸ்தியாவுக்கு, டொனோஸ்தியாதிக் என்றால் டொனோஸ்தியாவிலிருந்து. நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டு சேர்க்கிறார்கள். இர்தேரா என்றால் வெளியே போகும் வழி.

குமரிக்கண்டன்:
பாருங்கள், பாஸ்க் மொழி தமிழின் தங்கை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழில்மொழி:
வேண்டும். துருக்கியும் ஜப்பானியமும்கூட ஒட்டுச் சேர்க்கும் மொழிகள்தான். இலக்கணம் ஒரே வார்ப்பில் இருப்பது உறவு ஆகிவிடாது. பாஸ்க்குக்கு உறவு மொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. அது தனித்து நிற்பதே எனக்குப் பெரிய வியப்பு, அதை நம் கணக்கில் சேர்த்து ஏன் குறைக்க வேண்டும்?

குமரிக்கண்டன்:
இன்னும் நிறுவவில்லை என்றால் இனி நிறுவலாம் என்றுதானே பொருள்?

மூத்த_வழிப்போக்கன்:
மொழிச் சண்டைக்கு வேறு இழை திறங்கள். செந்தில், டொனோஸ்தியாவிலிருந்து தோப்போ என்ற எவுஸ்கோட்ரென் ரயிலில் எந்தாயா வரை போனால் பிரான்சுக்குள் கால் வைத்துவிடலாம், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அங்கே போலீஸ் சோதனை உண்டு. அம்மாவுக்கு ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா என்றாலும் பயப்பட வேண்டாம், இரண்டு நாடும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் கூட்டத்துக்குள்தான்.

பட்ஜெட்_பாரி:
காசு மிச்சம் பிடிக்க இன்னொன்று. தங்குவதை பில்பாவோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் டொனோஸ்தியா அறை வாடகை கையைக் கடிக்கும். ஒரு மாலை மெட்ரோவில் அரேயெத்தா போய், 1893இல் கட்டிய தொங்குபாலத்தில் போர்துகாலேத்தேவுக்கு ஆற்றைக் கடந்து பாருங்கள். காரும் ஆளும் ஒரே தொட்டிலில் தொங்கிப் போகும், சில்லறைக் காசுதான்.

செந்தில்_பயணி:
மூன்று முறை தொட்டோம், கதவு திறந்தது. பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா கோஞ்சா கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறார். எல்லோருக்கும் நன்றி.

தண்டவாளம்:
மகிழ்ச்சி. திரும்பும்போதாவது ரயிலா? அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டால் சுமாயாவில் இறங்கி ஓய்வெடுக்கலாம்.

தண்டவாளம்:
செந்தில்?