காடு குலைந்தால் குரங்குகளின் குடல் பாக்டீரியாவும் குறையுமா?

கானுறை (கேள்வி):
மரம் வெட்டுவதாலும் விளைநிலங்கள் பெருகுவதாலும் காடு துண்டுபடும்போது, அங்கு வாழும் குரங்குகளின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்துவிடுவதாகப் படித்தேன். உணவு சுருங்குவதுதான் காரணமா, மனிதரும் கால்நடையும் நெருங்கி வாழ்வது காரணமா? எல்லா இனங்களுக்கும் இது பொருந்துமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நுண்ணோக்கி:
பெரும்பங்கு உணவுக்கே என்பது என் கருத்து. இலையின் நார்ச்சத்தைக் குரங்கின் சொந்த நொதிகளால் செரிக்க முடியாது. பாக்டீரியா அதை நொதிக்கச் செய்து, உடலுக்கு ஆற்றல் தரும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றித் தருகிறது. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட்டே பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். ஒவ்வொரு மரத்தின் இலையிலும் நாரும் நச்சுப்பொருளும் வெவ்வேறு விதமாக இருப்பதால், மரவகைகள் அருகும்போது அவற்றை நம்பியிருந்த பாக்டீரியாவுக்கும் பிழைக்க வழியில்லாமல் போகிறது. மெக்சிகோவின் கருப்பு ஹவ்லர் குரங்குகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், தரம் குன்றிய வாழிடங்களில் இருந்தவற்றின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன; பியூட்டிரேட் உற்பத்தி தொடர்பான மரபணுக்களின் அளவும் வாழிடத்துக்கு வாழிடம் மாறியிருந்தது.

மலைச்சரிவு:
நுண்ணோக்கி அவர்கள் சொல்வது ஹவ்லருக்குச் சரி. ஆனால் அதை எல்லாக் குரங்குகளுக்கும் விரித்துவிடக் கூடாது. தான்சானியாவின் உட்சுங்வா பகுதியில், குலைந்த காட்டில் வாழும் சிவப்புக் கொலோபஸ் குரங்குகளிடம் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்தன. அங்கேயே தரையில் இரை தேடும் மஞ்சள் பபூன்களிடம் அத்தகைய சரிவு தென்படவில்லை. கொலோபஸ் மரத்தை விட்டு அதிகம் இறங்காத இலையுண்ணி. பபூனோ கிழங்கு, பூச்சி, பயிர் என எதையும் தின்று சமாளித்துக்கொள்ளும். உகாண்டாவின் கிபாலேயில் மூன்று குரங்கினங்களை ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டின் ஆய்வோ, காடு துண்டானதா இல்லையா என்பதைவிட இன வேறுபாடே பாக்டீரியாவைத் தீர்மானிக்கிறது என்று கண்டது. இந்த முடிவைப் பலரும் பேசாமல் கடந்துவிடுகிறார்கள்.

கானுறை:
நன்றி. அப்படியானால் மனித நெருக்கத்துக்குப் பங்கே இல்லையா?

மலைச்சரிவு:
உண்டு, ஆனால் அது வேறு வழியில் செயல்படுகிறது. உகாண்டாவின் பிவிண்டியில் மனிதரோடும் கால்நடையோடும் அதிகம் இடம் பகிர்ந்த மலைக் கொரில்லாக்களின் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, அம்மனிதரிடமும் கால்நடையிடமும் இருந்தவற்றை மரபளவில் ஒத்திருந்தது. மருந்தெதிர்ப்புக் கொண்டவையும் அவற்றுள் இருந்தன. இங்கே வகைகள் குறைவதல்ல, வேண்டாதவை வந்து சேர்வதே சிக்கல்.

நுண்ணோக்கி:
மாதிரி எடுக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். குடல் பாக்டீரியாவை அறிய மாதிரியாக எடுக்கப்படுவது மரத்திலிருந்து விழுந்த மலமே; அதன் வெளிப்புறத்தில் மண்ணின் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் என்பதால், உள்பகுதியைச் சிறு குச்சியால் கிள்ளி, கெடாமலிருக்க உடனே எத்தனாலில் இடுவார்கள். மேலும், பழம் மலிந்த பருவத்திலும் இலை மட்டுமே கிடைக்கும் பருவத்திலும் ஒரே குரங்கின் குடல் பாக்டீரியா மாறிவிடும். ஆகவே ஒரு காட்டில் மழைக்காலத்திலும் மற்றொன்றில் வறட்சியிலும் சேகரித்த மாதிரிகளை ஒப்பிட்டுவிட்டு வேறுபாட்டையெல்லாம் காடழிப்பின் தலையில் சுமத்த முடியாது.