சல்மாவின் நாவலில் தாய்தான் குற்றவாளியா?

கேள்வி | திருச்சி வாசகி

வணக்கம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில் பேசினோம். கணவனை ஏற்க மறுத்துத் தாய்வீடு திரும்பிய பிர்தவ்ஸ், வேற்று மதத்தவனான சிவாவோடு பழகுவது தெரிந்ததும், பெற்ற தாயே அவளை விஷம் குடிக்க வைக்கிறாள். “பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார்” என ஒருவர் சொல்ல, பலரும் தலையாட்டினார்கள். எனக்கு இது தவறான வாசிப்பாகப் படுகிறது. ஆனால் கண்டிப்பவர்களும் கண்காணிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களாகவே வருகையில், எதைக் கொண்டு மறுப்பது?

மறுமொழி 1 | வைகைக்கரை

அதே நாவலிலேயே விடை இருக்கிறது. மணமான ஆண் ஒருவன் மாரியாயி என்னும் இந்துப் பெண்ணோடு வைத்திருக்கும் உறவு அவன் வீட்டாருக்குத் தெரிந்தே நீடிக்கிறது. அவனுக்கு யாரும் விஷம் கொடுப்பதில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், தாயின் கையில் இருப்பது அவள் வகுத்த சட்டம் அல்ல என்பது விளங்கும். ஊர் தன்னை ஒதுக்கிவிடும் என்ற அச்சமே அவளை ஆட்டுவிக்கிறது. அவளை நான் மன்னிக்கச் சொல்லவில்லை, கொலை கொலைதான். ஆனால் அவளோடு விசாரணையை முடித்துக்கொள்வது ஊருக்கு மிகவும் வசதியான தீர்ப்பு.

மறுமொழி 2 | நூலக நண்பன்

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையையும் உங்கள் வட்டத்தில் படியுங்கள். ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பத்தில் அடுக்களை ஆட்சி முழுவதும் மாமியார் ஜீஜியிடம் இருக்கிறது; யார் என்ன சமைப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஆனால் இருண்ட, வசதியற்ற அந்தச் சமையலறையை மாற்றலாம் என்று மருமகள் மீனாட்சி கேட்கும்போது மறுப்பவர் மாமனார். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் எந்தச் சுவரோடு நின்றுவிடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கதையை நான் வேறு அறியேன்.

மறுமொழி 3 | கடலூர்க்காரன்

மேலே சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன், ஒரு வேறுபாட்டுடன். இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில், பொறியியல் படித்து ஆட்டோ ஓட்டுநரை மணந்த ரேவதி, ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். குடும்பமே பணத்தோடு ஓடி வருகிறது. அங்கே ஊரின் விதி என்று சொல்லி எவரையும் விடுவிக்க முடியாது. பேசியிருக்கக்கூடிய நாட்களில் பேசாமல் இருந்தவர்கள் ஒவ்வொருவரும், தந்தை உட்பட, தத்தம் பங்கோடு நிற்கிறார்கள். பிர்தவ்ஸின் தாய்க்கும் அப்படியொரு பங்கு உண்டு. ஊரைக் காட்டி அதைக் குறைக்க வேண்டாம்.