உள்ளே யார், எந்த அறையில்?

செம்பூரிலிருந்து:

2001 ஜனவரி 26 காலை 8.46 மணி. குஜராத்தின் கட்ச்சில் 7.7 அளவில் பூமி குலுங்கியபோது மும்பையில் எங்கள் வீட்டு ஃபேனும் ஆடியது. ஏரியா தமிழர்கள் சிலர் சேர்ந்து லாரியில் நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு கட்ச்சில் இருக்கும் பச்சாவ் ஊருக்குப் போனோம். நேராக நிற்கிற சுவரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ரோட்டோரம் பழைய துணி மூட்டைகள் குவிந்து கிடந்தன. அன்போடு அனுப்பியவைதான், ஆனால் அந்தக் குளிருக்குத் தேவைப்பட்டது கம்பளியும் தார்ப்பாயும். அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் பொருள் சேருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: முதல் நாள் டிராக்டரை அணைத்துவிட்டு, யாரும் பேசாமல், இடிந்த ஸ்லாபைக் கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்களாம். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் வந்திருக்கிறது. எங்கே தோண்டுவது என்று காட்டியது பக்கத்து வீட்டு அம்மா. "மருமகள் அந்த நேரம் அடுப்படியில்தான் இருப்பாள்" என்றாராம். பிறகு ராணுவம் வந்தது, இயந்திரங்கள் வந்தன. ஆனால் இந்த ஒரு விவரம் அக்கம்பக்கத்தாருக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் மாடிவாரியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். படுக்கையில் இருக்கும் பெரியவர் யார், பகலில் தனியாக இருப்பவர் யார், காஸ் வால்வு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாடகைக்கு ஆள் மாறும்போது திருத்திவிடுவோம். நோட்டு, விசில், டார்ச், கையுறை, கடப்பாரை எல்லாம் வெளியே வாட்ச்மேன் கேபினில். கட்டடத்துக்குள் வைத்தால், விழுந்த பிறகு எப்படி எடுப்பது?

தாராவியிலிருந்து:

அண்ணா, இது எங்கள் சந்துக்கும் அப்படியே பொருந்தும். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மாடிச் சுவர் சரிந்தது. மாநகராட்சியின் உதவி எண் 1916-க்குப் போன் போட்டோம். ஆனால் ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு சரி, சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு கதவைக் கழற்றி, பாட்டியை அதில் கிடத்தி, கழுத்து அசையாமல் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குள் ஒரு அக்கா, யாரும் சொல்லாமலே, வீடு வீடாகப் போய் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிக்கொண்டே வந்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது அதை அவர் பொறுப்பு என்றே எழுதி வைத்திருக்கிறோம். அவர் திருநெல்வேலி போனால் யார் பார்ப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது.

எங்களுக்கு வாட்ச்மேன் கேபின் கிடையாது. கோயில் திண்ணையில் ஒரு இரும்புப் பெட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். சாவி யாரிடம் இருந்தால் நல்லது அண்ணா?