நூறாவது வீட்டுப் புதினம்: வீட்டில் எல்லாருக்கும் என்னோடு கோபம், என்ன செய்யலாம்?

கொக்குவில் தகப்பன் கேட்டது:

வணக்கம். அண்ணை ரொறன்ரோ, தங்கச்சி லண்டன், மனைவியின் ஆட்கள் முழுப்பேரும் பாரிஸ், ஊரில் மிஞ்சியது நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என்னுடைய அம்மா. 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது பொழுது போகாமல் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீட்டுக் கதையை எழுதிப் போட்டேன். அப்போது காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. விறகடுப்பு மூட்டத் தெரியாத மனைவிக்கு அம்மா வகுப்பு எடுத்ததும், வகுப்பு முடிந்தபோது இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் விட்டதும்தான் கதை. அண்ணை சிரித்தபடி குரல் பதிவு அனுப்பி, அடுத்தது எப்போது என்று கேட்டார். அதிலிருந்து ஞாயிறு இரவு எட்டரைக்கு 'வீட்டுப் புதினம்' என்று ஒன்று போகும். அங்கே அது காலை, அண்ணை கோப்பியோடு காத்திருப்பார். விட்டு விட்டு எழுதியே இப்போது நூறாவது வரப்போகிறது. பெரிதாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்திருக்க, வீட்டில் வேலைநிறுத்தம்.

மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள். ஒருநாள் புட்டு அவித்தாள். அதில் ஒரு கட்டியை எடுத்து எறிந்தால் முற்றத்துக் கறுத்தக்கொழும்பானில் ஒரு மாங்காயாவது விழும் என்று எழுதினேன். அது பாரிஸுக்குப் போய், அங்கிருந்து யாரோ யாருக்கோ தட்டிவிட்டு, கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவளுடைய ரியூசன் வகுப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது. இப்போது அங்கே அவளுக்குப் பெயர் 'மாங்காய்'. என்னோடு நேரே கதைப்பதில்லை, தம்பிக்காரன்தான் தூது: "அப்பாட்டச் சொல்லு, இனி என்ர பேர் வந்தா நான் குறூப்பை விட்டுப் போயிடுவன்."

மனைவிக்கு வேறு முறைப்பாடு. "இஞ்சாருங்கோ, நீங்கள் எழுதுறதில எல்லாம் உங்கட அம்மா கெட்டிக்காரி, நான்தான் மொக்கு." அம்மாவுக்கோ தன்னைப் பற்றி வருவது காணாது. ஆட்சேபம் இல்லாதவன் சின்னவன் ஒருவன்தான். அவன் ஒரு பகிடிக்கு ஒரு ஐஸ்கிறீம் என்று விலை வைத்திருக்கிறான். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் அந்த விலை எனக்குக் கட்டாது.

நூறோடு நிறுத்தவா? இல்லை, ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதவா? அனுமதி வாங்கி எழுதினால் அதில் பகிடி மிஞ்சுமா?

சுன்னாகத்து அக்கா:

தம்பி, நிறுத்த வேண்டாம். ஆனால் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏ.எல். ரியூசன் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா, தகரக் கொட்டிலில் ஒரு வாங்கில் ஆறு பேர் நெருக்கி அடித்துக்கொண்டு இருப்பார்கள், அங்கே ஒரு பட்டப்பெயர் விழுந்தால் அது கம்பஸ் வரைக்கும் பின்னாலே வரும். என்னுடைய மனிசனை ஐம்பது தாண்டியும் அவருடைய கூட்டாளிமார் 'கூழ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், காரணம் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மனைவியின் முறைப்பாடும் சரிதான். மாமியும் மருமகளும் ஒரே குசினியில் நிற்கிற வீட்டில் கதை எழுதுகிறவர் மாமியின் மகன். பிறகு கதை எந்தப் பக்கம் சாயும்? ஒன்று கேட்கிறேன், இவ்வளவு புதினத்தில் உங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிற மாதிரி எத்தனை எழுதியிருக்கிறீர்கள்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கோ.

பழைய வாசகன்:

நாங்கள் சிரித்திரன் வாசித்து வளர்ந்த ஆட்கள். சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் 1963-இல் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்கே கொண்டுவந்து நடத்திய நகைச்சுவைச் சஞ்சிகை. அவருடைய கேலிச்சித்திரங்களில் வருகிற சவாரித்தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் பார்த்தால் எங்கேயோ கண்ட முகம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் இன்னார்தான் என்று கைகாட்ட ஏலாது. அதனால் ஒருவரும் கோபிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் தாங்கள்தான் சவாரித்தம்பர் என்று உரிமை கொண்டாடித் தங்களுக்குள் பிரச்சினைப்பட்டார்கள், அது வேறு கதை. நீங்களும் அப்படி ஒரு ஆளைப் படைத்து எல்லாப் பழியையும் அந்த ஆளின் தலையில் போடுங்கோ. பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன, இலவசம்தான், பார்த்தால் பிடிபடும்.

சுன்னாகத்து அக்கா:

ஐயா, சிரித்திரன் ஊருக்கு வந்த சஞ்சிகை, இது குடும்பக் குழு. அந்த வீட்டில் புட்டு அவித்தது யார் என்று ரொறன்ரோவுக்கும் தெரியும், பாரிஸுக்கும் தெரியும். பொன்னம்மா என்று பெயரை மாற்றிப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது பட்டப்பெயரும் கிடைக்கும், அவ்வளவுதான்.

பாரிஸ் மருமகன்:

தட்டிவிட்டது நான் இல்லை. (இது எங்கள் குடும்பமாக இருந்தால் என்று சொன்னேன்.)

வலிகாமத்தான்:

எழுதலாமா வேண்டாமா என்பதை வீட்டில் தீருங்கோ, எழுதினதை முதலில் தாளில் எடுத்து வையுங்கோ. என் அப்பா கடைக் கணக்குக் கொப்பியில்தான் வீட்டுக் கதையும் எழுதுவார். ஒரு பக்கம் தேங்காய் இவ்வளவு, சீனி இவ்வளவு, ஓரத்தில் 'இன்று இவ முகம் சரியில்லை, காரணம் தெரியாது'. அடுத்த நாள் 'காரணம் தெரிந்தது, சீலை'. நாங்கள் களவாக வாசித்துச் சிரிப்போம். 1995 ஒக்டோபர் 30 யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர வெளிக்கிட்டபோது நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தோம், கையில் பிடித்தது உடுப்பும் பத்திரங்களும்தான். அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பி வந்தபோது கூரையே இல்லை, கொப்பியை எங்கே தேடுவது. சீலைக் கதை எனக்கும் தங்கச்சிக்கும் ஞாபகம் இருக்கிறது, மற்றது எல்லாம் போய்விட்டது. போன் தண்ணிக்குள் விழுந்தால் உங்கள் புதினமும் அதே கதிதான். அண்ணை ரொறன்ரோவில் வைத்திருப்பார் என்று இருந்துவிடாதேங்கோ, அவரும் இடம் காணாது என்று அழிக்கிற ஆளாக இருக்கலாம்.

மகளிடம் கேட்டு அந்தப் புட்டுக் கதையை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், பத்து வருசம் கழித்து அவளே வந்து எங்கே அது என்று கேட்டாலும் கேட்பாள்.

கொக்குவில் தகப்பன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்காக எண்ணப் பார்த்தேன், அதற்குள் மனைவி சுன்னாகத்து அக்காவின் பதிலை எட்டிப் பார்த்துவிட்டா. நூறாவதைத் தானே எழுதுகிறா என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு போனா. என்னிடம் ஒரு அனுமதியும் கேட்கவில்லை.

கதை இதுதான்: கிணற்று மோட்டர் தண்ணி இழுக்கவில்லை, நான் யூரியூப்பைப் பார்த்துக் கழற்றினேன், பூட்டி முடித்தபோது நாலு புரியாணி (ஸ்குறூ) மிச்சம், மோட்டர் வேலை செய்தது, ஆனால் தண்ணி வந்தது குசினிப் பக்கம். அம்மாவின் பங்குக்கு, "சின்னனிலயும் இவன் மணிக்கூட்டைக் கழற்றிப்போட்டுச் சாமான் மிஞ்சியிருக்கு எண்டு சந்தோசப்பட்டவன்" என்ற வாக்குமூலம். அதைத் தட்டச்சுச் செய்து கொடுத்தது யார் தெரியுமா, என்னோடு கதைக்காத மகள். மிச்சமான நாலு புரியாணியையும் படம் எடுத்துப் போட்டதும் அவள்தான். அண்ணை பதில் போட்டார்: "இவ்வளவு காலமும் இந்த ஆட்களை ஏன் எழுத விடயில்லை?"

புட்டுக் கதையை எடுப்பதா என்று மகளிடம் சின்னவன் மூலம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே கட்சி, நூற்றியோராவதுக்கும் என்னைப் பற்றிய விசயம் கைவசம் இருக்கிறதாம். நான் தாளில் எடுக்கிற வேலையில் இறங்கிவிட்டேன். யாழ்ப்பாண நகரத்தில் ஸ்பைரல் பைண்டிங் மலிவாகச் செய்கிற இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, தாளின் இரண்டு பக்கமும் அடித்தால் செலவு எவ்வளவு குறையும்?