ஜாவாவின் ஒரு அரசு நாலாய்ப் பிரிஞ்சது எப்பிடி? பட்டத்துச் சண்டையும் ஒல்லாந்தக் கம்பனியும்

முழங்காவில் வாசகி:
வணக்கம். ஜாவாவை ஆண்ட மாத்தராம் அரசர்களின்ர வரலாற்றில எனக்கு இடறுற இடங்கள் இருக்கு. 1755இல அரசை ரெண்டாப் பிரிச்சது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியா, இல்லாட்டி இளவரசர்கள் தாங்களே கேட்டு வாங்கினதா? அரசர் பேர்களும் குழப்புது, ஒரே காலத்தில ரெண்டு பேர் அரசர் எண்டு அட்டவணையில கிடக்கு. கடைசியா ஒண்டு: 1782இல எங்கட வன்னியில ஒல்லாந்தர் செய்ததோட இதை ஒப்பிட்டு எழுதலாமோ?

ஒட்டுசுட்டானூரான்:
தங்கச்சி, "பிரித்து ஆண்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் நடந்தது மறைந்து போகும். அங்கே மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற இறுகிய விதி இருக்கவில்லை. பட்டத்தரசியின் மகனுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் தம்பிமாரும் சித்தப்பன்மாரும் உரிமை கேட்கலாம். அரசனிடம் ஒரு தெய்வ ஒளி இறங்கும், அதை 'வாஹ்யு' என்பார்கள். வென்றவனிடம் அது இருந்தது, தோற்றவனிடமிருந்து போய்விட்டது என்பதே நம்பிக்கை. ஆகவே ஒரு அரசன் கண்ணை மூடினால் சண்டை வருவது வழக்கம்.

கம்பனி நுழைந்த வழி கடன். 1677இல் ஜாவாவை ஒட்டிய மதுராத் தீவின் இளவரசன் துருனாஜெயாவின் படை பிளேரெட் அரண்மனையைப் பிடித்தது. தப்பியோடிய முதலாம் அமங்குராத் வழியிலேயே இறந்தார். மகனிடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. கம்பனி அவனுக்காகச் சண்டை பிடித்தது, செலவு திரும்பும் வரை வடகரைத் துறைமுக வருமானத்தை ஈடாக எழுதி வாங்கியது. துறைமுகம் போனால் அரசனுக்கு மிஞ்சுவது உள்நாட்டு நெல்லும் குடிகளின் உழைப்பும்தான். கடன் அடைக்க அங்கேயே நெருக்க வேண்டும், நெருக்கினால் இளவரசர்களின் மானியத்தில் கை வைக்க வேண்டும். கை வைத்தால் அடுத்த கலகம், அதை அடக்கத் திரும்பவும் கம்பனி.

அந்தச் சுழல் எவ்வளவு கனமானது என்பதற்கு 1705 ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1703இல் மூன்றாம் அமங்குராத் பட்டத்துக்கு வந்ததும் சித்தப்பன் பூகர் வடகரைத் துறைமுகமான சமாராங்குக்கு ஓடினார். கம்பனி அவரை முதலாம் பாகுபுவானா என்று ஏற்று, கார்த்தசுரா அரண்மனையில் கொண்டுபோய் இருத்தியது. பதிலுக்கு அவர் கிழக்கு மதுராவைக் கொடுத்தார். 25 வருடத்துக்கு வருடம் 800 கோயான் அரிசி இலவசமாகக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார். அது ஏறத்தாழ 1,300 தொன். எங்கள் ஆலைக் கணக்கில் 50 கிலோ மூட்டை 26,000, ஒவ்வொரு வருடமும். ஜாவாக் கப்பல்கள் கிழக்கே லொம்பொக்கையும் வடக்கே போர்னியோவையும் மேற்கே லம்புங்கையும் தாண்டக் கூடாது என்றும் எழுதினார்கள். அரண்மனைக்குக் காவல் நின்ற கம்பனிப் படையின் செலவும் அரசன் தலையில்தான்.

1719இல் முதலாம் பாகுபுவானா இறந்து நாலாம் அமங்குராத் வந்ததும் அவருடைய தம்பிமாரே அரண்மனையைத் தாக்கினார்கள். அந்தக் காவல்படைதான் சுட்டுத் துரத்தியது. அது இரண்டாம் வாரிசுப் போர், 1723 வரை நீண்டது.

1755க்கு உண்மையான காரணம் 1746இல் இருக்கிறது. சுகோவத்திப் பகுதியிலிருந்து கலகக்கார இளவரசன் மாஸ் சயீதைத் துரத்துபவருக்கு 3,000 சாசா தருவதாக இரண்டாம் பாகுபுவானா அறிவித்தார். சாசா என்பது வரிக்காகக் கணக்கிட்ட குடி. நிலத்தை ஏக்கரில் அளக்காமல் குடிகளில் அளந்தார்கள். அரசரின் தம்பி மங்குபூமி துரத்திக் காட்டினார், பரிசு கிடைக்கவில்லை. அதே நேரம் ஆளுநர் நாயகம் வான் இம்ஹொஃப் புதுத் தலைநகரான சூரகார்த்தாவுக்கு வந்து, வடகரை முழுவதையும் வருடம் 20,000 ரியாலுக்குக் குத்தகையாக எழுதி வாங்கினார். மங்குபூமி அதை எதிர்த்தார். சபையில் எல்லோர் முன்னாலும் வான் இம்ஹொஃப் அவரைக் கண்டித்தார். அந்த மே மாதமே மங்குபூமி அரண்மனையை விட்டு வெளியேறி, தான் துரத்திய மாஸ் சயீதுடனேயே சேர்ந்துகொண்டார்.

1749 டிசம்பரில் சாகக் கிடந்த அரசன் நாட்டையே கம்பனியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வைத்தார். கம்பனி அவர் மகனை மூன்றாம் பாகுபுவானா ஆக்கியது, அதே மாதம் மங்குபூமியும் தன்னை அரசன் என்று அறிவித்தார். ஐந்து வருடமாக இரண்டு பக்கமும் வெல்ல முடியவில்லை, கம்பனியின் காசும் கரைந்துகொண்டிருந்தது. 1755 பெப்ரவரி 13 கியாந்தி ஒப்பந்தத்தில் பாதி நாடும் வடகரைக் குத்தகையில் பாதி, அதாவது 10,000 ரியாலும், மங்குபூமிக்குப் போயின. அவரே யோக்யகார்த்தாவின் முதலாம் ஹமெங்குபுவானா. ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: பாதியைக் கேட்டு வாங்கியவர் மங்குபூமி, கொடுக்கிற இடத்தில் கம்பனி இருந்ததற்குக் காரணம் முந்தைய 78 வருடக் கடன்.

மல்லாவி ஆசிரியை:
மேலே அண்ணா சொன்னதோட மிச்ச ரெண்டு துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. மாஸ் சயீத் 1757இல் சலாதிகாவில் பணிந்து, சூரகார்த்தாவின் நிலத்திலிருந்து 4,000 சாசா பெற்று முதலாம் மங்குநெகாரா ஆனார். நாலாவது வீடான பாக்குஆலம், ஆங்கிலேயர் 1813இல் யோக்யகார்த்தாவிலிருந்து வெட்டிக் கொடுத்தது. நாலுமே கம்பனியின் வேலை என்று எழுதினால் பிழை.

பேர்க் குழப்பத்துக்கு வருவோம். இவை பிறப்புப் பேர்கள் இல்லை, பட்டப் பேர்கள். 1705க்கு முன் அமங்குராத் வரிசை, பூகர் வந்ததும் பாகுபுவானா தொடங்குகிறது, நடுவில் 1719 முதல் 1726 வரை மட்டும் நாலாம் அமங்குராத். 1755க்குப் பிறகு பாகுபுவானா என்றால் சூரகார்த்தா, ஹமெங்குபுவானா என்றால் யோக்யகார்த்தா. முன்னவரின் பட்டம் சுசுஹுனான், பின்னவர் சுல்தான். நீங்கள் பார்த்த "ஒரே காலத்தில் ரெண்டு அரசர்" அச்சுப் பிழை இல்லை. 1704, 1705இல் மூன்றாம் அமங்குராத் அரண்மனையில், முதலாம் பாகுபுவானா சமாராங்கில்.

அட்டவணையில் அடுத்ததாக இடறுவது இரண்டாம் ஹமெங்குபுவானா, ஒரே ஆள் மூன்று முறை வருவார். 1792 முதல் 1810 வரை ஆண்டார், ஒல்லாந்த ஆளுநர் நாயகம் டாண்டெல்ஸ் இறக்கினார். 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடித்த குழப்பத்தில் திரும்ப ஏறினார். 1812 ஜூன் 20, ஆங்கிலேயரின் துணை ஆளுநர் ராஃபிள்ஸின் காலத்தில் ஆங்கிலப் படையும் வங்காளச் சிப்பாய்களும் அரண்மனையைச் சூறையாடி, அவரைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். யோக்யகார்த்தா இளவரசன் திபோநெகோரோவின் போர் மூண்டபோது, 1826இல், ஜாவாவைத் திரும்பப் பெற்றிருந்த ஒல்லாந்தரே அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1828இல் இறந்தார்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கு. 1633இல் மாத்தராம் அரசர் சுல்தான் அகுங், பழைய சூரியக் கணக்கான சக ஆண்டின் எண் 1555ஐ அப்படியே வைத்துக்கொண்டு, மாதங்களை மட்டும் பிறைக் கணக்குக்கு மாற்றினார். அன்றைக்கு வித்தியாசம் 78. பிறை ஆண்டு 11 நாள் குறைவு என்பதால் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும். கியாந்தி நடந்த ஜாவா ஆண்டு 1680, வித்தியாசம் 75. சக ஆண்டு என்று நினைத்து எல்லாத்துக்கும் 78 கூட்டினால் கியாந்தி 1758க்குப் போய்விடும், மங்குநெகாராவின் 1757க்கும் பின்னால்.

பனங்காமத்தான்:
வன்னி ஒப்பீட்டைக் கவனமாகச் செய்யுங்கோ. வன்னியர்கள் தனித்தனிப் பற்றுகளின் தலைவர்கள், திறையாக யானை கொடுத்தவர்கள். மாத்தராம் ஒரு பேரரசு. 1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு பிடித்தார்கள். ஜாவாவில் போல ஒரு வாரிசைத் தூக்கி இருத்தி அவன் மூலம் ஆளவில்லை. ஒரே கம்பனி என்பதற்காக ஒரே முறை என்று எழுதினால் இரண்டுமே பிழைக்கும். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்றதை, ஜாவாவில் 1825 முதல் 1830 வரை நடந்த திபோநெகோரோவின் போரோட வையுங்கோ. இரண்டும் வெளிநாட்டு ஆட்சி இறுகிய பிறகு உள்ளூர்த் தலைவர் எழுந்தவை. ஆனால் அளவு வேற: அங்கே ஜாவாக்காரர் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் செத்தார்கள். மகேலாங்கில் பேச்சுவார்த்தைக்கு வந்த திபோநெகோரோவை 1830 மார்ச் 28 அன்று பிடித்து நாடு கடத்தினார்கள், 1855இல் மக்காசாரில் இறந்தார்.

உண்மையான தொடர்பு நாடுகடத்தல்தான். மேலே சொன்ன மூன்றாம் அமங்குராத் 1708இல் சரணடைந்தார். ஏதாவது ஒரு பகுதி ஆளக் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்தார், இலங்கைக்கு அனுப்பினார்கள். அரச வாள்களையும் ஈட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார். ஜாவாவில் அவை இல்லாத அரசன் அரை அரசன், ஆகவே கார்த்தசுராவுக்கு அது பெரிய குறை. 1734இல் இங்கேயே இறந்தார். உடலும் அந்த ஆயுதங்களும் பின்னர்தான் திரும்பின, இமோகிரி அரச மயானத்தில் அடக்கம். மாஸ் சயீதின் தகப்பனும் 1728இல் நாடு கடத்தப்பட்டு, இலங்கை வழியாக நன்னம்பிக்கை முனைக்குப் போனவர். மகன் ஏன் கலகக்காரன் ஆனான் என்று எழுதுகிறபோது இதை விடாதையுங்கோ.

இன்னொன்று: பேர் ஒத்திருக்கு எண்டு சாவகச்சேரியையும், 13ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குப் படையெடுத்து வந்த சந்திரபானுவின் சாவகரையும் இதுக்குள்ள இழுக்க வேண்டாம். சந்திரபானு வந்தது மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து, மாத்தராம் அரசர்களோட அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை.

முழங்காவில் வாசகி:
மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: இப்ப அந்த நாலு வீடும் இருக்கோ? பட்டத்துச் சண்டை முடிஞ்சுதோ?

மல்லாவி ஆசிரியை:
நாலும் இருக்கு, ஆட்சி யோக்யகார்த்தாவில் மட்டும். ஒன்பதாம் ஹமெங்குபுவானா 1945இல் குடியரசின் பக்கம் நின்றார், அதனால் அது சிறப்புப் பகுதியாகத் தப்பியது. சூரகார்த்தா 1946இல் அந்த நிலையை இழந்தது. 2012இன் 13ஆம் இலக்கச் சட்டப்படி யோக்யகார்த்தா சுல்தானே ஆளுநர், பாக்குஆலம் துணை ஆளுநர். இப்போதைய பத்தாம் சுல்தானுக்கு ஐந்தும் பெண் பிள்ளைகள். 2015இல் அவர் தன் மூத்த மகளுக்குப் புதுப் பட்டம் கொடுத்தார், பெண் அரசராக முடியாது என்று சகோதரர்கள் எதிர்த்தார்கள். அவர் கொடுத்த பட்டம் மங்குபூமி.