சென்ட்ரல் பார்க்கில் காலை நடை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அடுத்த மாதம் அம்மாவுடன் நியூயார்க்கில் பத்து நாள் தங்கப் போகிறேன். அம்மாவுக்கு விடிந்ததும் நடந்தாக வேண்டும். சென்ட்ரல் பார்க் காலை 6 மணிக்கே திறந்துவிடும், ஆனால் 843 ஏக்கர்! போன முறை தனியாகப் போனபோது, ராம்பிள் காட்டுப் பாதைகளில் சுற்றிச் சுற்றி ஒரே பாறைக்கு மூன்று தடவை வந்து நின்றேன். போனில் சார்ஜும் இல்லை. அப்புறம் ஒருவர் விளக்குக் கம்பத்து எண்ணைக் காட்டினார்: 72 என்று தொடங்கினால் பக்கத்தில் 72ஆம் தெரு, கடைசி எண் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்கு.

சரி, வழி தெரிந்துவிட்டது. இப்போது பயமெல்லாம் சைக்கிள்கள்தான். அம்மாவுக்கு இடது காது மந்தம், மணியடித்தாலும் கேட்காது. காலையில் சைக்கிள் வராத, ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள பாதை எது? எந்த வாசல் வழியாகப் போவது நல்லது? கழிப்பறை அத்தனை சீக்கிரம் திறந்திருக்குமா?