முதுகுத்தண்டு எம்ஆர்ஐயில் ‘இன்ஃப்ளமேட்டரி மாஸ்’ (அழற்சிக் கட்டி), பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) கட்டாயமா?

அல்சூர்வாசி:
சித்தப்பாவுக்கு 56 வயது, பெங்களூரில் எங்களோடு இருக்கிறார். கொஞ்ச நாளாக நடுமுதுகில் வலி, இப்போது படி ஏறினால் கால் பின்னுகிறது. கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்த எம்ஆர்ஐயில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டூரா உறை தடித்து அதை அழுத்துகிறது, டி2 என்கிற வகைப் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது என்று எழுதி, கீழே டிபி, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), மெனிஞ்சியோமா (உறையில் வளரும் கட்டி), ஐஜிஜி4 (நோய் எதிர்ப்பு சக்தியே உறுப்புகளைத் தடிக்க வைக்கும் நோய்) என்று நாலு பெயர் போட்டிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் பயாப்ஸிதான் முதலில் என்கிறார். முதுகில் கத்தி வைக்கச் சித்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. என்ன செய்வது?

ஸ்கேன் ரூம்:
ரேடியாலஜியில் இருக்கிறேன். டி2வில் கறுப்பு என்றால் நார்த்திசு அதிகம் என்று நினைப்போம், ஐஜிஜி4 நோயில் அப்படி வரும். ஆனால் டிபியிலும் சார்காய்டு என்ற அழற்சி நோயிலும் உறை தடிக்கும், சில மெனிஞ்சியோமாவும் தட்டையாகப் படரும், அதனால் படத்தை மட்டும் வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எலும்பும் டிஸ்க்கும் நன்றாக இருப்பதால் டிபி இல்லை என்றும் ஆகிவிடாது. உடம்பு முழுக்க நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். நிணநீர்க்கணு மாதிரி சுலபமாக ஊசி போடும் இடம் ஏதாவது அகப்பட்டால் முதுகைத் தொடாமலே விடை கிடைக்கலாம், சித்திக்கு இதைச் சொல்லுங்கள்.

ஜெயநகர் மருமகள்:
என் மாமனாருக்கு இதே கதைதான். ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு நார்மல், திசுவில்தான் பிடிபட்டது. தயவுசெய்து அவசரமில்லாமல் ஸ்டீராய்டு ஆரம்பிக்க விடாதீர்கள். லிம்போமாவாக இருந்தால் கட்டி சுருங்கி, அப்புறம் எடுக்கும் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகும். டிபியாக இருந்தால், டிபி மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது ஆபத்து.

அல்சூர்வாசி:
சரி, பயாப்ஸி என்றே முடிவானால் சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும்?

லேப் கோட்:
எல்லாத் திசுவையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட வேண்டாம் என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள், ஃபார்மலினில் போன திசுவில் இருக்கும் கிருமி கல்ச்சரில் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது. ஒரு துண்டு சலைனில் டிபி கல்ச்சருக்கும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போகட்டும். பேத்தாலஜியில், பாய் முடைந்ததுபோல் நார்கள், அடைபட்ட சிரைகள், நிறைய பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்புப் புரதம் சுரப்பவை), அவற்றில் ஐஜிஜி4 விகிதம் 40 சதவீதத்துக்கு மேல், இவற்றில் பலவும் சேர்ந்திருந்தால்தான் ஐஜிஜி4 என்பார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்லைடை இங்கே பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியின் நியூரோபேத்தாலஜியில் (நரம்புத் திசு ஆய்வுப் பிரிவு) காட்டலாம்.

ஸ்கேன் ரூம்:
ஒன்று விட்டுப்போச்சு. கால் பின்னுவதே நல்ல அறிகுறி இல்லை, நியூரோ சர்ஜனை நாளைக்கே பாருங்கள். பலவீனம் கூடினாலோ சிறுநீர் வராமல் அடைத்தாலோ நாளை வரை கூடக் காத்திருக்காமல் ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அழுத்தத்தை எடுக்க ஆபரேஷன் செய்தால் திசுவும் அப்போதே கிடைத்துவிடும்.